பாகியோ மலை நகரம்: எந்த இடம், எந்த நேரம், எந்த வரிசை – முழு வழிகாட்டி

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பாகியோ. பார்க்க வேண்டிய இடங்களில் பெரும்பாலானவை ஊர் மையத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். முதல்முறை வருபவர்கள் தடுமாறுவதும் இதனால்தான். எல்லாம் பக்கம்தானே என்று காலையில் கிழக்கே ஒரு இடம், மத்தியானம் வடக்கே ஒன்று, சாயங்காலம் மேற்கே ஒன்று என்று திட்டம் போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரு திசையிலிருந்து இன்னொரு திசைக்குப் போகும் சாலைகள் பெரும்பாலும் செஷன் ரோடு, பர்ன்ஹாம் பார்க் வட்டாரத்தைத் தொட்டுத்தான் போகின்றன. வார இறுதியில் மையத்தை ஒருமுறை கடக்கவே அரை மணி நேரம் போய்விடும்.

அடுத்தது மூடுபனி. காலையில் பளிச்சென்று தெரியும் பள்ளத்தாக்கு, மத்தியானத்துக்கு மேல் வெள்ளைத் திரைக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்சிமுனை காலையில், கூரைக்குள் பார்ப்பது மத்தியானத்தில், மசாஜும் சந்தையும் இரவில். கீழே உள்ள எல்லாமே இந்தக் கணக்கில்தான் வருகிறது. மூன்று இரவு தங்கினால் நிதானமாக முடியும். இரண்டு இரவு என்றால் ஒரு திசையை விட்டுவிடுங்கள்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை இரவில் 10 முதல் 13 டிகிரி வரை இறங்கும். பகலில் 22, 23 டிகிரி. ஸ்ட்ராபெரியும் இந்த மாதங்களில்தான் நன்றாகக் காய்க்கும்.

ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். நல்ல நாளில் மழை மத்தியானத்துக்கு மேல்தான் வரும், காலை கிடைக்கும். புயல் வந்தால் நாள் முழுக்கக் கொட்டும், மலைச்சாலையில் மண் சரியும். இந்த மாதங்களில் போவதாக இருந்தால், மணிலாவில் விமானம் ஏறும் நாளுக்கு ஒரு நாள் முன்பே மலையிறங்கிவிடும்படி வைத்துக்கொள்ளுங்கள். சாலை மூடினால் சமாளிக்க அந்த ஒரு நாள் வேண்டும்.

தவிர்க்க வேண்டிய வாரங்களும் உண்டு. பிப்ரவரி முழுவதும் நடக்கும் பனக்பெங்கா மலர் விழாவின் பெரிய ஊர்வலங்கள் மாதக் கடைசியில் வரும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும் கிறிஸ்துமஸ் – புத்தாண்டு வாரத்திலும் மணிலாவே மலையேறி வந்ததுபோல் இருக்கும். ஊர்வலம் பார்ப்பதே நோக்கம் என்றால் தங்குமிடத்தைச் சில மாதங்களுக்கு முன்பே பிடியுங்கள். வேறு எதற்காக என்றாலும், வாரநாட்களில் போவதுதான் உத்தமம்.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 2025 ஜூன் முதல் சுற்றுலாவுக்காக 14 நாள் வரை விசா இல்லாமல் பிலிப்பைன்ஸுக்குள் வரலாம். இதை நீட்டிக்க முடியாது. திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று மூன்றையும் அச்செடுத்து வையுங்கள். கைபேசியில் தேடிக் காட்டினால் வரிசையில் நேரம் போகும். தரையிறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இ-டிராவல் என்ற அரசின் இணையப் பதிவையும் முடிக்க வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசின் தளம் இல்லை.

உடைக்கு ஒரு ஸ்வெட்டரும் மெல்லிய மழைக்கோட்டும் போதும். செருப்பு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. பாகியோ முழுக்க ஏற்ற இறக்கமும் படிக்கட்டும்தான். பைன் ஊசிலை விழுந்த ஈரப்படியில் வழவழப்பான அடி உள்ள செருப்பு வழுக்கிவிடும். பிடிப்புள்ள ஷூ போட்டு வாருங்கள்.

பணத்தை மணிலாவிலேயே பெசோவாக மாற்றி, 20, 50, 100 தாள்களாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். ஜீப்னி (பலர் சேர்ந்து ஏறும் நீளமான ஜீப் வண்டி), சந்தை, தெருக்கடை எல்லாம் ரொக்கம்தான். உள்ளூர்க்காரர்கள் ஜீகாஷ் செயலியில் கட்டுவதைப் பார்த்து அதை நம்பிப் போகாதீர்கள். சில நாள் பயணத்துக்கு அது உங்களுக்குக் கைகொடுக்காது. வெளிநாட்டு அட்டைக்கு ஏடிஎம்கள் ஒவ்வொரு முறையும் தனிக்கட்டணம் பிடிப்பதால், கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் மொத்தமாக எடுங்கள்.

3. மணிலாவிலிருந்து மலையேறுவது

விமானத்தை நம்பித் திட்டம் போட வேண்டாம். லோவாகான் விமான நிலையம் சின்னது, மூடுபனிக்கு அடிக்கடி மாட்டும். பேருந்துதான் நம்பகமான வழி. சுமார் 250 கிலோமீட்டர்.

விக்டரி லைனர், ஜெனிசிஸ் நிறுவனத்தின் ஜாய்பஸ் போன்றவை மணிலாவின் குபாவ், பசாய் நிலையங்களிலிருந்து ஓடுகின்றன. விமான நிலையத்திலிருந்து நேரே வருபவர்களுக்குப் பசாய் பக்கம். கேஸோன் சிட்டியில் தங்கியவர்களுக்குக் குபாவ். இடையில் நிற்காத உயர்வகுப்புப் பேருந்தில் உள்ளேயே கழிவறை இருக்கும், நான்கரை முதல் ஐந்து மணி நேரத்தில் ஏற்றிவிடும். சாதாரண ஏசிப் பேருந்து வழியில் நிறுத்தி நிறுத்திப் போகும். ஆறு மணி நேரம் பிடிக்கலாம். கட்டண வித்தியாசத்தைக் கொடுத்து நிற்காத வண்டியில் போவது நல்லது. மிச்சமாகும் நேரத்தில் முதல் மாலை கைக்கு வரும்.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, நள்ளிரவு அல்லது விடிகாலை வண்டி பிடித்தால் மணிலா நெரிசலிலிருந்து தப்பலாம், ஆனால் அறை மத்தியானம் 2 மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை முன்பே வைக்க அனுமதிப்பார்களா என்று விடுதியில் கேட்டு வையுங்கள். இரண்டு, பேருந்தில் ஏசி கடுமையாக இருக்கும், ஸ்வெட்டர் பெட்டிக்குள் போய்விடக் கூடாது. மூன்று, ரோசாரியோவில் விரைவுச்சாலை முடிந்ததும் பேருந்து மார்கோஸ் ஹைவே வழியாக ஏறத் தொடங்கும். கடைசி ஒரு மணி நேரம் வளைவுக்கு மேல் வளைவு. வாந்தி வரும் உடம்பு என்றால் முன்பாதியில் இருக்கை எடுத்து, மாத்திரையை வண்டி கிளம்பும் முன்பே போடுங்கள். தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டால் பலனில்லை.

சொந்தமாகக் கார் ஓட்டுபவர்கள் கென்னன் ரோடு குறுக்குவழி என்று வரைபடம் காட்டுவதை நம்பி ஏறிவிட வேண்டாம். தூரம் குறைவுதான், ஆனால் மழைக்காலத்தில் கல் உருளும், அடிக்கடி மூடுவார்கள். மார்கோஸ் ஹைவே அல்லது நகிலியன் ரோடு பாதுகாப்பு. ஊருக்குள் வாரநாட்களில் எண்பலகைக் கட்டுப்பாடும் உண்டு: கடைசி எண் 1, 2 என்றால் திங்கள், 3, 4 செவ்வாய், 5, 6 புதன், 7, 8 வியாழன், 9, 0 வெள்ளி அன்று காலை 7 முதல் இரவு 7 வரை மையத்துக்குள் ஓட்டக் கூடாது.

4. தங்குமிடம் பிடிக்கும்போது கேட்க வேண்டியவை

செஷன் ரோடு அல்லது பர்ன்ஹாம் பார்க்கிலிருந்து நடக்கும் தூரத்தில் எடுங்கள். இரவுச் சந்தையைச் சுற்றிவிட்டுப் பத்தரை மணிக்கு டாக்ஸி பிடிக்க வரிசையில் நிற்காமல் நடந்தே போய்விடலாம். கேம்ப் ஜான் ஹே பக்கம் பைன் மரங்களுக்கு நடுவில் அழகாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் வண்டி தேவைப்படும்.

அறையில் ஏசி இருக்கிறதா என்று கேட்பதை விட, குளியலறையில் ஹீட்டர் இருக்கிறதா, நாள் முழுதும் தண்ணீர் வருமா என்று கேளுங்கள். பல விடுதிகளில் ஏசியே இருக்காது, தேவையும் இல்லை. இந்தக் குளிரில் வெந்நீர் இல்லாவிட்டால்தான் கஷ்டம். எத்தனை மாடி ஏற வேண்டும், லிஃப்ட் உண்டா என்பதையும் கேளுங்கள். மலைச்சரிவில் கட்டியதால் சாலையிலிருந்து கீழே நான்கு மாடி இறங்கும் வீடுகள் உண்டு.

'டிரான்சியன்ட்' என்று வாடகைக்கு விடும் வீடுகள் குடும்பத்துக்கு வசதியானவை, மலிவு. சமையலறையும் இருக்கும். ஆனால் சமூக ஊடகப் பக்கத்தில் படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பி, வந்து பார்த்தால் அப்படி ஒரு வீடே இல்லை என்று நிற்பவர்கள் ஒவ்வொரு விடுமுறைக்கும் இருக்கிறார்கள். முன்பதிவுத் தளம் வழியாகவோ, நேரடி வீடியோ அழைப்பில் வீட்டைப் பார்த்த பிறகோ மட்டும் பணம் கட்டுங்கள்.

5. ஊருக்குள் நகர்வது

பாகியோ டாக்ஸிக்காரர்கள் மீட்டர் போட்டு ஓட்டி, மீதிச் சில்லறையை எண்ணித் தருவதற்குப் பெயர் பெற்றவர்கள். பேரம் பேசத் தேவையில்லை. ஏறியதும் மீட்டர் அடிப்படைக் கட்டணத்திலிருந்து தொடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். மழை பெய்யும் மாலை 4 முதல் 7 வரை டாக்ஸி கிடைப்பது அரிது. அந்த நேரத்தில் எங்காவது உட்கார்ந்திருக்கும்படி நாளை வகுத்துக்கொள்ளுங்கள்.

ஜீப்னியில் போகும் இடத்தின் பெயர் கண்ணாடியில் எழுதியிருக்கும். கட்டணத்தை 'பயாத் போ' என்று சொல்லி முன்னால் இருப்பவர் கையில் கொடுத்தால் ஓட்டுநர் வரை போய்ச் சேரும், மீதியும் அதே வழியில் திரும்பும். இறங்க 'பாரா போ' என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

பொது இடத்தில் புகைப்பதற்கும் வெற்றிலைப் பாக்கு துப்புவதற்கும் அபராதம் உண்டு. கடைகளில் பிளாஸ்டிக் பையும் தெர்மகோல் தட்டும் தடை என்பதால், துணிப்பை ஒன்றை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

6. முதல் மாலை: மையம் மட்டும்

பேருந்தில் வந்த அன்று தூரமாக எங்கும் போக வேண்டாம். செஷன் ரோட்டின் மேல்முனையில் தொடங்கி, இறக்கத்தில் நடந்து வாருங்கள். இரட்டைக் கோபுரம் கொண்ட பாகியோ கதீட்ரலுக்கு நடுவழியில் படிக்கட்டு பிரியும். படி ஏறத் தயங்குபவர்கள் மேலிருந்து வரும் சாலை வழியாக வரலாம்; அதனால்தான் மேல்முனையில் தொடங்கச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமையில் செஷன் ரோட்டில் வண்டி விடுவதில்லை. தெரு முழுக்க ஓவியம், இசை, கடைகள்.

கீழே இறங்கினால் பர்ன்ஹாம் பார்க். ஏரியில் துடுப்புப் படகு, பக்கத்தில் சிறுவர்களுக்கு வாடகை சைக்கிள். ஒரு மணி நேரம் போதும்.

7. கிழக்கு நாள்: கடைசி இடத்திலிருந்து திரும்பி வாருங்கள்

பொட்டானிக்கல் கார்டன், ரைட் பார்க், தி மேன்ஷன், மைன்ஸ் வியூ பார்க் நான்கும் ஏறத்தாழ ஒரே சாலைக்கோட்டில் இருக்கின்றன. எல்லாரும் மையத்துக்குப் பக்கத்தில் உள்ளதில் தொடங்குவார்கள். மைன்ஸ் வியூவுக்கு வரும்போது மணி பதினொன்றாகி, கூட்டமும் மூடுபனியும் சேர்ந்து வந்திருக்கும். தலைகீழாகச் செய்யுங்கள்.

காலை 7 மணிக்கு டாக்ஸியில் நேரே மைன்ஸ் வியூ பார்க். இதோகோன் பக்கத்துப் பழைய தங்க, செம்புச் சுரங்க மலைகள் அடுக்கடுக்காகத் தெரியும். கடைத்தெருவைத் தாண்டி, படிகளில் இறங்கினால்தான் உண்மையான காட்சிமுனை. மேலே நின்று இவ்வளவுதானா என்று திரும்பிவிடாதீர்கள். கோர்டில்லேரா என்ற இந்த மலைத்தொடரின் மக்கள் உடையை வாடகைக்கு எடுத்துப் படம் பிடிக்கலாம். எத்தனை படம், எவ்வளவு என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மரபு உடையில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களை அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

அடுத்து, நடக்கும் தூரத்தில் குட் ஷெப்பர்ட் கான்வென்ட். கன்னியாஸ்திரீகள் நடத்தும் இந்தக் கடையில்தான் ஊதா வள்ளிக்கிழங்கில் செய்யும் உபே ஜாம் கிடைக்கிறது. விற்கும் பணம் மலைப்பகுதிப் பிள்ளைகளின் படிப்புக்குப் போகிறது; அந்தப் பிள்ளைகளே இங்கே வேலையும் செய்கிறார்கள். காலையிலேயே வாங்குங்கள்; விடுமுறை நாளில் வரிசை நீளும், சரக்கு தீர்ந்துவிடும். 2021 ஜனவரியில் ஊதாக் கிழங்கு கிடைக்காமல் வெள்ளைக் கிழங்கில் ஜாம் செய்தபோது, சாயம் ஏற்றி மறைக்காமல் வெளிறிய நிறத்திலேயே விற்றார்கள். அந்த நேர்மைக்காகவே இங்கே வாங்கலாம். வெளிக்கடைகளில் அதே மாதிரி மூடியுடன் விற்கும் ஜாமை இதுவென்று நினைத்துவிடாதீர்கள்.

அங்கிருந்து ஜிப்ரால்டர் ரோட்டில் இருபது, இருபத்தைந்து நிமிட நடையில் தி மேன்ஷன். குடியரசுத் தலைவரின் கோடை இல்லம். முன்பெல்லாம் இரும்பு வாயிலோடு நின்றுவிடுவோம். 2024 முதல் உள்ளே அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். எதிரே ரைட் பார்க்கின் நீளமான குளம், இருபுறமும் பைன். குளத்தின் மறுமுனைப் படிகளில் இறங்கினால் குதிரைத் திடல். அரை மணி, ஒரு மணி என்று நேரத்துக்குக் கட்டணம். வழிநடத்துபவர் உடன் வருகிறாரா, அவருக்குத் தனியாகத் தர வேண்டுமா என்பதை ஏறும் முன் பேசி முடியுங்கள். குதிரை சவாரி வேண்டாம் என்றால் படி இறங்கத் தேவையே இல்லை. திரும்ப ஏறுவது முழங்காலுக்கு நல்லதல்ல.

பொட்டானிக்கல் கார்டனைக் கடைசியில் வையுங்கள். மூடுபனி வந்தாலும் அங்கே கெடாது. மத்தியானம் ஒரு மணிக்கு நீங்கள் சாப்பிட மையத்துக்குத் திரும்பியிருப்பீர்கள்.

8. மேற்கு நாள்: பென்காப் மியூசியம், ஆசின்

ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் பென்காப் மியூசியத்தைத்தான் சொல்வேன். தேசியக் கலைஞர் பெனெடிக்டோ கப்ரேரா 2009-இல் திறந்தது. ஆசின் ரோட்டில் ஆறாவது கிலோமீட்டரில் இருக்கிறது. சுவர் முழுக்க வரிசையாக நிற்கும் புலுல் என்னும் நெற்காவல் மரச்சிலைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் கைகளை முழங்காலில் ஊன்றிக் குந்தியோ நின்றோ இருக்கும், பல தலைமுறைக் கைபட்டும் புகைபட்டும் கருத்து மின்னும். சன்னலுக்கு வெளியே படிப்படியான தோட்டம், குளம், எதிர்மலை.

திங்கட்கிழமை விடுமுறை. இதைப் பார்க்காமல் திட்டம் போட்டு, பூட்டிய கதவிலிருந்து திரும்புபவர்கள் வாராவாரம் உண்டு. காலை 9 மணிக்குத் திறக்கும்; இரண்டு மணி நேரம் ஒதுக்கி, கீழே உள்ள கஃபே சபேலில் மத்தியானம் சாப்பிடுங்கள். மியூசியத்தில் ஒரு கூடம் வயதுவந்தோருக்கான ஓவியங்களுக்கு. வாசலில் எழுதியிருக்கும், பிள்ளைகளுடன் போகிறவர்கள் கவனியுங்கள். போவதற்கு ஜீப்னியும் உண்டு. திரும்பும்போது காலி டாக்ஸி எளிதில் கிடைக்காது. கொண்டுவந்த டாக்ஸியைக் காத்திருக்கச் சொல்வதா அல்லது திரும்பும் ஜீப்னிக்கு நிற்பதா என்பதை இறங்கும்போதே முடிவு செய்யுங்கள்.

இதே சாலையில் மேலும் இறங்கினால் ஆசின் வெந்நீர் ஊற்று. பாகியோவை விடத் தாழ்வானது, வெப்பமானது. ஊற்றுநீரைக் குளங்களில் விட்டு நீந்தும் இடங்களாக நடத்துகிறார்கள். காட்டுக்குள் இயற்கை ஊற்று என்று கற்பனை செய்து போனால் ஏமாற்றம்தான். குடும்பமாகச் சாயங்காலம் ஊறிக் கிடக்க நல்ல இடம். நீச்சலுடையும் துண்டும் கொண்டு போங்கள், சூடான குளத்தில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து இருக்க வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மிதமான குளத்தோடு நிறுத்துங்கள்.

9. வடக்கு அரைநாள்: லா டிரினிடாட்

ஸ்ட்ராபெரித் தோட்டம் பாகியோவில் இல்லை, பக்கத்து ஊரான லா டிரினிடாட்டில் இருக்கிறது. மக்சாய்சாய் அவென்யூ பக்கமிருந்து ஜீப்னி. காலை 7 மணிக்கு முன் கிளம்புங்கள். 8 மணிக்கு மேல் அந்தச் சாலை நகராது.

நீங்களே பறித்தால் சந்தை விலையை விடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். தோட்டத்துக்குள் நடக்கும் அனுபவத்துக்குத்தான் அந்தக் காசு. பழம் மட்டும் போதும் என்றால் வெளியில் விற்பவரிடம் வாங்குங்கள். காம்பு வரை சிவந்ததைப் பாருங்கள், நுனி மட்டும் சிவந்தது பறித்தபின் இனிக்காது. ஜூலை, ஆகஸ்டில் போனால் பாத்தி காலியாக இருக்கும்.

திரும்பும் வழியில் சீனக் கோயிலான பெல் சர்ச்சில் அரை மணி நிற்கலாம். மலைச்சரிவு வீடுகளெல்லாம் சேர்ந்து ஒரே ஓவியமாக வண்ணம் பூசிய ஸ்டோபோசாவைச் சாலையிலிருந்தே பார்ப்பதுதான் சரி. மேலே ஏறினால் ஓவியம் தெரியாது, தனித்தனிச் சுவர்தான் தெரியும்.

10. சாப்பாடு: எங்கே, என்ன, எப்படிக் கேட்பது

காலை: தோளில் கம்பு வைத்து, இரு முனையிலும் உலோக வாளியுடன் தாஹோ விற்பவர் வருவார். தட்டையான கரண்டியால் சூடான சோயா தயிரை மெல்லிய தகடாகச் சீவிக் கோப்பையில் போட்டு, மேலே பாகும் ஜவ்வரிசியும் ஊற்றுவார். மற்ற ஊர்களில் பழுப்புச் சர்க்கரைப் பாகு. பாகியோவில் ஸ்ட்ராபெரிப் பாகு. மத்தியானத்துக்குள் ஆறிவிடும், காலையிலேயே குடியுங்கள். இறைச்சி, மீன், பால் எதுவும் இல்லாதது.

மத்தியானம்: கூட்டமாகப் போனால் குட் டேஸ்ட். ஒரு தட்டு இரண்டு மூன்று பேருக்கு வரும்; ஆளுக்கொரு தட்டு சொல்லி மேசை நிறைய மீதம் வைப்பவர்கள் அநேகம். வெண்ணெயில் பொரித்த கோழிதான் அங்கே எல்லா மேசையிலும் இருக்கும். கஃபே பை தி ரூயின்ஸில் சர்க்கரைவள்ளி ரொட்டியை விடாதீர்கள். சாயங்காலம் செஷன் ரோட்டில் விஸ்கோஸ் கடையின் ஸ்ட்ராபெரி ஷார்ட்கேக். ஒரு துண்டு இருவருக்குத் தாராளம். குளிரில் மாட்டெலும்புச் சூப்பான புலாலோ பிடிக்கும் என்றால் ஸ்லாட்டர்ஹவுஸ் வளாகத்துச் சின்ன உணவகங்களில் கொதிக்கக் கொதிக்கக் கிடைக்கும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் அந்த வளாகத்துக்குப் போகவே வேண்டாம். பினிக்பிகன் என்ற உள்ளூர்க் கோழிச் சூப்பில் எதாக் என்ற உப்புப் பன்றிக்கறி சேர்ப்பது வழக்கம்.

சைவம் சாப்பிடுபவர்கள் பலமுறை தவறுவது ஒரே இடத்தில்தான்: காய்கறி என்று மெனுவில் இருந்தால் சைவம் என்று எடுத்துக்கொள்வது. பினாக்பெட் முழுக்கக் கத்தரிக்காயும் பாகற்காயும்தான். ஆனால் பகூங் என்ற இறால் அல்லது மீன் விழுது இல்லாமல் அது இறங்காது. சாப்சூயில் கோழிச்சாறும் காடை முட்டையும். புளிப்புச் சாறான சினிகாங்கில் பதிஸ் என்ற மீன் சாறு. வெஜிடேரியன் என்று சொன்னால் இறைச்சியைத் தனியே எடுத்துவிட்டுத் தருவார்கள். அவர்கள் உங்களை ஏமாற்றவில்லை, அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். ஆகவே ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: 'வலாங் கர்னே, வலாங் இஸ்தா, வலாங் பகூங், வலாங் பதிஸ் போ.' இறைச்சி, மீன், விழுது, மீன்சாறு எதுவும் வேண்டாம் என்று அர்த்தம். சிப்பி சாஸ் போடுவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. பாகியோவைச் சுற்றியுள்ள பெங்கெட் மாகாணத்தின் மலைத்தோட்டங்கள் நாட்டின் முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்குக் களஞ்சியம். சௌசௌ இங்கே வேலியெல்லாம் படர்ந்து கிடக்கும். அதன் இளங்கொழுந்தைப் பூண்டு போட்டு வதக்கித் தருவார்கள். எண்ணெய், பூண்டு, உப்பு மட்டும் போதும் என்று சொல்லி, பூண்டுச் சோற்றுடன் சாப்பிட்டால் வயிறும் மனமும் நிறையும். சமையலறை உள்ள வீடு எடுத்தவர்கள் சந்தையில் காய் வாங்கிச் சமைத்துக்கொள்ளலாம்.

11. மசாஜ், ஸ்பா

மூன்றாம் நாள் வரை தள்ளாதீர்கள். கிழக்கு நாள் நடை முடிந்த அன்று மாலையே போங்கள். கெண்டைக்கால் இறுகுமுன் பிடித்துவிட்டால் மறுநாள் நடக்கலாம். மழையும் டாக்ஸித் தட்டுப்பாடும் சேரும் 4 முதல் 7 மணி இதற்குத்தான் சரியான நேரம். வார இறுதியில் மத்தியானமே தொலைபேசியில் நேரம் சொல்லி வையுங்கள்.

இடம் பார்க்கும்போது சுவரைப் பாருங்கள். நகராட்சி உரிமமும், அரசின் தொழிற்பயிற்சி அமைப்பான டெஸ்டாவின் சான்றிதழ் அல்லது சுகாதாரத் துறையின் மசாஜ் தெரபிஸ்ட் உரிமமும் மாட்டியிருக்க வேண்டும். விலைப்பட்டியல் வெளியே தெரியாத இடத்துக்குள் போகாதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஹிலோட் என்பது நாட்டின் மரபு முறை: தேங்காயெண்ணெய் தடவி, இறுகிய இடத்தை விரலால் தேடித் தேடி அழுத்துவார்கள். தக்தகாய் என்பது கோர்டில்லேராவின் பாத மசாஜ். காலை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்த பிறகு, இரண்டு மூங்கில் குச்சிகளின் மழுங்கிய முனையால் உள்ளங்காலில் தாளம்போல் குத்தியும் உருட்டியும் விடுவார்கள். முதல் ஐந்து நிமிடம் கூச்சமும் வலியும் கலந்து வரும். குதிகாலுக்கு வந்ததும் பிடித்துப்போகும். பாகியோவில் ஒரே ஒரு மசாஜ்தான் என்றால் இதையே செய்யுங்கள். எல்லா ஸ்பாவிலும் இருக்காது, தொலைபேசியில் கேளுங்கள். வென்டோசா என்ற கோப்பை முறை முதுகில் வட்டத் தழும்பை ஒரு வாரம் வரை விட்டுவைக்கும். ஆசினில் குளிக்கத் திட்டமிருந்தால் அதற்குப் பிறகு வையுங்கள்.

உள்ளே போகும் வரிசை இது. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகட்டும். வெந்நீரில் குளித்துவிட்டுப் போங்கள், ஏனென்றால் முடிந்ததும் உடனே குளிக்க வேண்டாம் என்று அவர்களே சொல்வார்கள். சூடான உடம்பில் தண்ணீர் பட்டால் பாஸ்மா என்ற உடல்நோவு வரும் என்பது பிலிப்பைன்ஸ் நம்பிக்கை. எண்ணெயை வெந்துண்டால் துடைத்துவிடுவார்கள். அழுத்தம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் முதல்முறை 'மீடியம்' சொல்லுங்கள். 'ஹார்ட்' என்றால் உண்மையாகவே முழங்கையை இறக்குவார்கள். வலித்தால் பல்லைக் கடித்துப் பொறுக்காமல் சொல்லிவிடுங்கள், அவர்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. காய்ச்சல், காலில் ரத்தக்கட்டு, கர்ப்பம் எதுவானாலும் தொடங்கும் முன் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் தக்தகாயைத் தவிர்க்கவும். குச்சி அழுத்துவது தெரியாமல் காயமாகலாம்.

முடிந்ததும் 50 அல்லது 100 பெசோ டிப்ஸை மசாஜ் செய்தவர் கையிலேயே கொடுங்கள். வெளியே குளிர்க்காற்று அடிக்கும், தொப்பியும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

12. இரவுச் சந்தை

ஹாரிசன் ரோட்டில் இரவு 9 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிட்டுக் கடை பரப்புவார்கள், நள்ளிரவு தாண்டியும் நடக்கும். எட்டரைக்கே போய் நிற்க வேண்டாம்; சனிக்கிழமையைத் தவிருங்கள்.

இங்கே முக்கியமானது உக்காய்-உக்காய் என்ற பழைய துணி. ஜாக்கெட் மறந்து வந்தவர்களுக்கு வரப்பிரசாதம். போட்டுப் பார்க்க அறை கிடையாது. கைபேசி விளக்கை அடித்து அக்குள், காலர், ஜிப் மூன்றையும் பாருங்கள். இரண்டு மூன்று சேர்த்து எடுத்தால் விலை குறைப்பார்கள். பையை மார்புப் பக்கம் மாட்டுங்கள். சாப்பாட்டுப் பகுதியில் குச்சியில் சுருட்டிச் சுடுவது இசாவ், அதாவது குடல், தெரிந்து வாங்குங்கள்.

13. கடைசிக் காலை: வாங்கும் வேலை

ஸ்ட்ராபெரியை முதல் நாளே வாங்கினால் ஊர் போய்ச் சேருமுன் கசிந்துவிடும். கிளம்பும் அன்று காலை 6, 7 மணிக்குப் பொதுச் சந்தைக்குப் போங்கள். கூடையின் மேலே பெரிய பழம், அடியில் சின்னதும் நசுங்கியதும் இருப்பது வழக்கம். கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள், அல்லது எடை போட்டு நீங்களே பொறுக்குங்கள். கழுவாமல் காகிதம் போட்டு, அட்டைப்பெட்டியில் இரண்டடுக்குக்கு மேல் வைக்காமல், பேருந்தில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் நாடு திரும்புபவர்கள் பழத்தை மணிலாவிலேயே சாப்பிட்டு முடியுங்கள். பச்சைப் பழத்துக்குச் சுங்கத்தில் சிக்கல் வரும்.

பெங்கெட் காப்பிக்கொட்டை, வேர்க்கடலை மிட்டாய், லெங்குவா டி காத்தோ பிஸ்கெட் மூன்றும் கெடாது. காப்பி வாங்கும்போது அரைக்கச் சொல்லாமல் கொட்டையாகவே வாங்குங்கள். கண்முன் எடுக்கும் கொட்டை முழுசாக இருந்தால் கலப்படம் இல்லை என்று தெரியும், மணமும் நிற்கும். பிஸ்கெட் பெட்டியைத் துணிகளுக்கு நடுவில் வையுங்கள், மெல்லியது, நொறுங்கும்.

உபே ஜாம் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்; 100 மில்லிக்கு மேற்பட்ட ஜாமும் திரவக் கணக்குத்தான். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு உறை போட்டு, சரக்குப் பெட்டியின் நடுவில் வையுங்கள். மணிலாவுக்கு மத்தியானம் 12 மணிக்கு முன் கிளம்பும் பேருந்தைப் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை 9 மணிக்கு முன். திரும்பும் டிக்கெட்டை, வந்து இறங்கிய அன்றே நிலையத்தில் எடுத்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் ஞாயிறு மாலை இருக்கைகள்தான் முதலில் தீரும்.